கதவுக்கும் குடுமி உண்டு

உங்களில் எத்தனை பேர் சொந்தக் கையால் ஓர் அலமாரி செய்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்து ஸீட்காரர் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார்.

நான் செய்திருக்கிறேன். அதாவது, முக்கால்வாசி. 4 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். உள்ளே இரண்டு தட்டு. செலவு: கொஞ்சம் தேக்கு, பின்பக்கத்துக்கு ஒரு பிளைவுட், 14 ஞாயிற்றுக்கிழமைகள், என் இடது கட்டைவிரல் நகம். தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியார் ஞாயிறுகளில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் அவருடையது. தப்பு மட்டும் என்னுடையது.

அலமாரி நின்றது. ஆடவில்லை. நாலு காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டன. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் யாரும் அதை அலமாரி என்று சொல்லவில்லை. "அந்த ஸ்டாண்டு மேல வெச்சிருக்கேன் பாருங்க" என்றாள் மனைவி. என் பெண், "அப்பா, ரேக்குல இருந்து பேனா எடுத்துக்கறேன்" என்றாள். ஸ்டாண்டு, ரேக்கு! கதவு இல்லாததுதான் காரணம். கதவு வைத்துவிட்டால் அலமாரி என்ற பட்டம் தானாக வந்துவிடும்.

"ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினா கதவோட மொத்த அலமாரியே ரெண்டு நாள்ல வருமே ஸார்?" என்றார் ஆபீஸ் நண்பர். வரும்தான். ஆனால் என்னிடம் கதவுக்கு மரம் ஏற்கெனவே இருந்தது. கட்டிலுக்கு அடியில்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை விற்று, வாங்கியவர் அதை இடித்தபோது, அப்பா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வாசல் கதவை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஆறடிக்கு ஒன்றரை அடி, ஒற்றைத் தேக்குப் பலகை. பதினோரு வருஷமாக அது எங்களோடு வாடகை வீடு வாடகை வீடாக வந்துகொண்டிருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் லாரிக்காரர், "கதவு இருக்கு. வீடு எங்க ஸார்?" என்று கேட்பார். சிரித்துவிட்டு எக்ஸ்ட்ரா காசு கொடுப்பேன்.

அப்பா அதிகம் பேசமாட்டார். அம்மா போனபிறகு அதுவும் குறைந்துவிட்டது. 'பேப்பர் வந்தாச்சா', 'காபி சூடா இல்லை', 'ராத்திரி மழை வரும்' - இதுதான் ஒரு நாள் கோட்டா. "அப்பா, அந்தக் கதவை அறுத்து அலமாரிக்குக் கதவு பண்ணட்டுமா?" என்று கேட்டேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், "செய்" என்றார். இரண்டே எழுத்து. அது சம்மதமா, சலிப்பா என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

என் முதல் திட்டம் ரொம்ப எளிமையானது. பலகையை அளவாக அறு, கீல் அடி, மாட்டு. காகிதத்தில் வரைந்து ஆசாரியாரிடம் காட்டினேன். வெற்றிலையை ஓரம் கட்டிவிட்டு, "தம்பி, இது ஐப்பசியில மூடாது" என்றார்.

"ஏன்?"

"மரம் மூச்சு விடும்."

மரத்தை வெட்டி, அறுத்து, காயவைத்து, அறுபது எழுபது வருஷம் ஆனபிறகும் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டும் கக்கிக்கொண்டும்தான் இருக்கும். 'பழைய மரம், இனிமே அசையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீளவாக்கில் அசையாது, அது வாஸ்தவம். அகலவாக்கில் அசையும். தேக்கு இந்த விஷயத்தில் சாது. அதற்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத்துக்குள் இருக்கும் ஈரம் 100-க்கு 10 என்பதிலிருந்து 14-க்கு ஏறினால், 45 செ.மீ. அகலப் பலகை 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே அகலும். (பலகையை எந்த வாட்டத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது பாதியாகவும் குறையலாம்.) இரண்டு கதவுக்கு 6 மில்லிமீட்டர். மார்ச் மாதம் அழகாக மூடிய கதவுகள் நவம்பரில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும், ஒரே ஸீட்டுக்குக் கர்ச்சீப் போட்ட இரண்டு பஸ் பிரயாணிகள் மாதிரி.

இதற்கு உலகம் பூராவும் தச்சர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி ஒன்றுதான். சட்டம் போட்டு, சட்டத்துக்குள் பலகை. நாலு பக்கமும் ஒல்லியான சட்டங்கள். அவற்றின் உள் விளிம்பில் காடி. பலகையின் ஓரத்தை மெலிதாக்கி அந்தக் காடிக்குள் செருக வேண்டும். சட்டத்தின் மூலைகளில் ஒன்றில் துளை, இன்னொன்றில் நாக்கு. அங்கே பசை உண்டு. பலகைக்கு மட்டும் ஒரு சொட்டுப் பசை கூடாது. அது காடிக்குள் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். வெளியே இருக்கும் சட்டத்தின் அளவு மாறாது.

"பலகை குடித்தனக்காரன் தம்பி. ஃபெவிகால் போட்டீங்கன்னா சொந்த வீடுன்னு நெனச்சுக்கும். அப்புறம் வெடிப்புதான்" என்றார் ஆசாரியார். நானே குடித்தனக்காரன். புரிந்தது.

அடுத்த கேள்வி, ஒரு கதவா, இரண்டா?

ஒன்றாகச் செய்தால் வேலை பாதி. ஆனால் 3 அடிக் கதவு திறக்க 3 அடி இடம் வேண்டும். எங்கள் அறையில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டே கால் அடி. அப்பாவின் நாற்காலியும் அதற்குள்தான். இன்னொரு விஷயமும் உண்டு. கீல் வைப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கதவின் மறுகோடி எவ்வளவு இறங்கும்? மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் உள்ள தூரம் 90 செ.மீ. என்று வையுங்கள். கதவின் அகலமும் 90 என்றால் முழுசாக ஒரு மில்லிமீட்டர் இறங்கும். அகலம் 45 என்றால் அரை மில்லிமீட்டர்தான். கதவு உயரமாக, ஒல்லியாக இருக்க இருக்க உங்கள் தப்பு சின்னதாகிவிடும். என் மாதிரி ஆட்களுக்கு ஒல்லிக் கதவுதான் சரி. எடைக்கும் அதே நியாயம். தேக்கில் இந்த அளவு ஒற்றைக் கதவு, தடிமன் 2 செ.மீ. என்றாலே 14 கிலோ. அரிசி மூட்டையைக் கீலில் தொங்கவிட்ட மாதிரி.

தள்ளு கதவு வைத்தால் இடமே வேண்டாமே என்று நடுவில் ஒரு சபலம் வந்தது. அதற்குக் காரணம் பாண்டிச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டா என்று ஒரு விடுதிக் கட்டடம் இருக்கிறது. (ஹைதராபாத் திவான் வழியாக வந்த நன்கொடையில் கட்டியதால் அந்தப் பெயர்.) 1937-ல் வேலை ஆரம்பம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சுவர் நெடுக, திறந்து மூடும் பட்டைகள். அறைகளுக்குத் தேக்குப் பட்டைகளை முன்னும் பின்னுமாக அடுக்கிய தள்ளு கதவு. காற்று வரும், பார்வை வராது. டோக்கியோவில் ஆபீஸ் வைத்திருந்த ஆன்டனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். பக்கத்திலேயே இருந்து கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர், ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய வம்சத்து அமெரிக்க இளைஞர். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர், ஆசிரமத்திலேயே தங்கி, சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார். பிறகு அமெரிக்கா போனார். 1942-ல், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே குற்றத்துக்காக அவரை மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோ மாநிலத்து முகாமில் அடைத்தார்கள். முகாமுக்குள் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார் அந்த ஆர்க்கிடெக்ட். வெளியே வந்து, 1990-ல் இறக்கும்வரை மரவேலைதான். அவர் செய்த அலமாரிகள் பலவற்றில் தள்ளு கதவுதான். மரக் கிராதி, அதற்குப் பின்னால் தாழை நாரில் நெய்த துணி. பாண்டிச்சேரியில் ஆரம்பித்த காற்று அமெரிக்காவரை போயிருக்கிறது பாருங்கள்.

ஆனால் தள்ளு கதவில் ஒரு சிக்கல். எந்நேரமும் பாதி அலமாரிதான் திறக்கும். நமக்கு வேண்டிய சாமான் எப்போதும் மூடிய பாதியில்தான் இருக்கும். இது பிரபஞ்ச விதி. கைவிட்டேன். இரண்டு கதவு, வெளியே திறப்பது என்று முடிவாயிற்று.

கீலுக்குக் கடைக்குப் போனேன். "ஆட்டோ கீலா, பட்டாக் கீலா, பியானோ கீலா?" என்றார் கடைக்காரர், டிபன் என்ன வேண்டும் என்கிற தோரணையில். குழப்பத்தோடு திரும்பி வந்து ஆசாரியாரிடம் கேட்டால், அவர் என் கட்டிலடிக் கதவின் ஓரத்தைக் காட்டினார். மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை.

"இது என்ன?"

"குடுமி. இதுல எங்கயாச்சும் கீல் இருக்கா? அறுபது வருஷம் திறந்து மூடியிருக்கு."

குடுமிக் கதவு! தாத்தா காலத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் முளை விட்டு, நிலைக்குள் அதற்குக் குழி வைத்துச் சுழலவிடுவது. கதவின் எடை முழுக்கக் கீழ்க் குழியில் உட்கார்ந்துவிடும். ஸ்க்ரூவைப் பிடுங்கித் தொங்காது. இரும்பே வேண்டாம். சீனாவில் மிங் வம்சத்துக் காலத்து அலமாரிகளிலும் இதே வித்தைதான். மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே குடுமியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் சட்டம் சின்னது, மரத்தில் குடுமி வைத்தால் முறிந்துவிடும் என்பதால், 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் துண்டு வெட்டிக் குடுமியாக வைப்பது என்று தீர்மானம். குடுமி இருக்கும் பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் உருட்டி இழைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திறக்கும்போது முதுகு இடிக்கும். இந்த யோசனை வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் நோட்டுப் புத்தகத்தில் குடுமி குடுமியாக வரைந்துகொண்டிருந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவருக்கு முன்பக்கம் வழுக்கை.

இனிமேல்தான் விஷயம்.

அந்த ஞாயிறு ஆசாரியார் ஊரில் இல்லை. உறவில் கல்யாணம். பட்டறைச் சாவி என்னிடம். கதவுகள் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். (பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், முதலில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டினேன். இரண்டு ஆணி கிடைத்தது. அதுவரை நான் செய்தது எல்லாம் சரி.) முன்பக்கம் வெயிலில் காய்ந்து வரி வரியாக இருந்தது. பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்து, மேல் பாதி முழுக்க ஒரே கீறல். கிராமத்துக் கதவு, கீறல் இல்லாமலா இருக்கும்? ஆசாரியாரின் மெஷின் இழைப்புளியைப் போட்டேன். இருபது நிமிஷம். கறுப்பெல்லாம் போய், உள்ளே இருந்து பொன் நிறத்தில் தேக்கு எழுந்து வந்தது. அந்த வாசனை இருக்கிறதே! நான் ஒரு பிறவிக் கலைஞன் என்று தோன்றியது.

அந்த ஒரு பலகையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் சாய்த்து வைத்தேன். "பாருங்கப்பா."

அவர் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பினார். உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினார். மறுபடி மேலே போய்த் தடவினார்.

"இன்னொண்ணு?" என்றார்.

"பட்டறையில இருக்கு. இன்னும் இழைக்கலை."

"இதுல பாட்டி பால் கணக்கு இருந்தது."

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கதவைச் சாத்தினால் உள்பக்கம் தெரியுமே, அந்தப் பக்கம்தான். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாட்டி ஆணியால் ஒரு கோடு கீறுவாளாம். வராத நாளுக்கு ஒரு சுழி. ஒரு வரிசை ஒரு மாசம். இடது கதவு நிறைந்தபிறகு வலது கதவு.

"நான் எண்ணக் கத்துண்டதே அதுலதான். அஞ்சு வயசு. மாசக் கடைசியில என்னைத்தான் எண்ணச் சொல்லுவா. அவளுக்கு முப்பதுக்கு மேல தகராறு" என்றார் அப்பா.

ஒரு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான். நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் மரத்தூள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "போனாப் போறது. பால்காரனே போயாச்சு" என்று சொல்லிப் பலகையை என்னிடம் நீட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்து, இரண்டாவது கதவை டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நேரே வெளிச்சம் அடித்தால் வெறும் கீறல். சாய்த்து அடித்தால் வரிசை வரிசையாகக் கோடுகள், நடுநடுவே சுழி. பதினேழு வரிசை. ஒரு மாசத்தில் தொடர்ந்து ஆறு சுழி. மாடு கன்று போட்டதோ, பால்காரர் வீட்டில் துக்கமோ, சண்டையோ!

அதற்குப் பிறகு என் வரைபடம் எதுவும் செல்லவில்லை. அதுவரை அலமாரியை அளந்து கதவை வரைந்துகொண்டிருந்தேன். இப்போது கோடுகளை அளந்து கதவை வரைய வேண்டியதாயிற்று. சைபீரியாவில் பிறந்து, ஸ்வீடனில் தொழில் கற்று, கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடம் நடத்திய ஜேம்ஸ் க்ரெனோவ் என்று ஓர் அலமாரிக்காரர் இருந்தார். 2009-ல் காலமானார். முதலில் படம் போட்டு அப்புறம் மரம் தேடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அது என்ன கேட்கிறது என்று பார்ப்பாராம். படித்தபோது கொஞ்சம் ஓவராக இருக்கிறதே என்று நினைத்தேன். பால் கணக்கு வந்தபிறகு நினைக்கவில்லை.

சிக்கல் இதுதான். சட்டத்தை 7 செ.மீ. அகலத்துக்குப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு கோடு சட்டத்துக்குள் போய்விடும். மாசத்துக்கு இரண்டு நாள் பால் அவுட். பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆகவே நிற்கும் சட்டங்களை ஐந்தரை செ.மீ.யாகக் குறைத்தேன். கதவின் அகலம் மாறக்கூடாது என்பதால் பலகை தெரியும் இடம் 34 செ.மீ. ஆயிற்று. ஒரு கதவில் குறைத்தால் ஜோடிக் கதவிலும் குறைக்க வேண்டும். மேல் சட்டமும் அதே அளவு. கீழ்ச் சட்டம் மட்டும் ஒரு விரற்கடை கூட. "வேட்டிக்குக் கரை கீழதான் பெருசா தெரியணும். இல்லேன்னா கதவு தலைகீழா நிக்கற மாதிரி இருக்கும்" என்பது கல்யாணத்திலிருந்து திரும்பிய ஆசாரியாரின் தீர்ப்பு. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. மெஷினின் வயரைச் சுருட்டி அவருடைய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அது திட்டுவதைவிட மோசம்.

பலகையின் தடிமனை முழுக்க முன்பக்கத்திலிருந்தே குறைத்தோம், கையால். பின்பக்கத்தில் உப்புத்தாள்கூடப் படவில்லை. ஓரத்தைக் காடிக்காக மெலிதாக்கியதும் முன்பக்கச் சரிவாகத்தான். இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் காலி விட்டுக் காடியில் நிறுத்தினார். அழுக்கு? பழைய பனியனை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒரே ஒரு தடவை துடைத்தோம். கோடுகளுக்குள் இருந்த கறுப்பு அங்கேயே தங்கிவிட்டது. நல்லதாகப் போயிற்று, அதனால்தான் கோடு தெரிகிறது.

கதவு செய்யுமுன் அலமாரியின் வாயை அளக்க வேண்டும், காகிதத்தை அல்ல. என் அலமாரியின் வாய், மேலே இருந்ததைவிடக் கீழே 2 மில்லிமீட்டர் அகலம். நான் செய்ததாயிற்றே! கதவைக் கொஞ்சம் பெரிதாகவே செய்து, பிறகு வாய்க்குத் தகுந்த மாதிரி இழைத்துக் குறைத்தோம். சுற்றிலும் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி.

எல்லாம் சரி. மாட்டப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. கதவுக்கு மேலே ஒரு குடுமி, கீழே ஒரு குடுமி. அலமாரியின் மேல் பலகையில் ஒரு குழி, கீழ்ப் பலகையில் ஒரு குழி. மேல் பலகையும் கீழ்ப் பலகையும் ஏற்கெனவே பசை போட்டு இறுகி நிற்கின்றன. கதவு எப்படி உள்ளே போகும்?

ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்றும்போது மேலே தூக்கி, பிறகு கீழே வெளியே இழுப்பீர்களே, அந்த மாதிரி செய்யலாம் என்றால் மேலே கீழ்க் குடுமி அளவுக்கு இடைவெளி வேண்டும். அசிங்கமாகத் தெரியும். அலமாரியை உடைத்து மறுபடி ஒட்டுவதா? ஆசாரியாரே தலையைச் சொறிந்தார். "நிலையைக் கோக்கும்போதே கதவையும் கோத்துடணும் தம்பி. நீங்க முன்னாடியே அலமாரியை முடிச்சிட்டீங்க."

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மேல் குடுமியை எதுக்குடா கதவுல வைக்கறே? கடையாணி மாதிரி மேலேருந்து போடேன்."

கடையாணி! மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி. கீழ்க் குடுமி அலமாரியின் தரையில் நிலையாக நிற்கும். கதவை லேசாக முன்பக்கம் சாய்த்து அதன் மேல் உட்காரவைத்து, நிமிர்த்து. அலமாரியின் மேல் பலகையில் துளை. அது வழியாகப் பித்தளைக் கம்பியை மேலேயிருந்து இறக்கினால் கதவுச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கழற்ற வேண்டுமென்றால் கம்பியை உருவினால் போதும். நான் சாதத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைகூடக் கழுவாமல் பென்சில் தேடினேன். "சாப்ட்டுட்டுப் போடா" என்றார் அப்பா. அது கோட்டாவுக்கு மேலே நாலாவது வாக்கியம்.

அடுத்த ஞாயிறு கதவுகள் ஏறின. கைப்பிடிக்கு வாசல் கதவில் இருந்த இரும்பு வளையத்தையே போடலாமா என்று பார்த்தேன். அலமாரிக்குக் காதில் தொட்டி மாட்டிய மாதிரி இருந்தது. இரண்டு சின்ன மரக் குமிழ் போதும் என்று விட்டுவிட்டோம். வெளிப்பக்கம் மட்டும் அரக்குப் பாலிஷ். வலது கதவைத் திறந்தால் உள்ளே பாட்டியின் பதினேழு மாசம். இடது கதவைத் திறந்தால் என் இருபது நிமிஷம், வழவழவென்று, ஒன்றுமே இல்லாமல். திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் எல்லோரும் அலமாரி என்றுதான் சொல்கிறார்கள். கீழ்த் தட்டில் அப்பாவின் மாத்திரை, கண்ணாடிக் கூடு, பழைய பாஸ் புத்தகங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது திறக்கிறார். மாத்திரை மூன்று வேளைதான்.

போன வாரம் ஐப்பசி மழை. கதவு முட்டுகிறதா என்று பார்க்க இரண்டையும் விரியத் திறந்தேன். முட்டவில்லை. மூடப் போனபோது இடது கதவின் உள்பக்கம், மேல் மூலையில், பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. இரண்டு வரிசை. நடுவில் ஒரு சுழி.

"அப்பா, இது என்ன?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தண்ணி கேன். போன மாசம் பதினொண்ணுதான் போட்டிருக்கான். பதிமூணுக்குக் காசு வாங்கிண்டு போயிருக்கான். போன் போட்டுக் கேளு."